ஹேண்டில் பூட்டித்தான் இருந்துச்சு, ஆனா ட்ரெய்லர் பெட்ல விழுந்துடுச்சு: ஒரு ஃபிஃப்த் வீல் கேஸ்

முதல்ல சேதத்த சொல்லிடறேன், காரணம் அப்புறம். வண்டி ஒரு முக்கால் டன் ரக டீசல் பிக்கப், பின்னாடி சாமான் ஏத்துற தொட்டி, அதான் பெட், ஆறேமுக்கால் அடி, அலுமினியம் பாடி. பெட்டோட ரெண்டு பக்க மேல்விளிம்பும், அதான் பெட் ரெயில்னு சொல்றது, நடுவுல ஆரம்பிச்சு பின்பக்கம் வரைக்கும் நசுங்கி உள்ள மடங்கியிருக்கு. டெயில்கேட், அதான் பெட்டோட பின்கதவு, உள்ளேருந்து குத்துப்பட்டு வெளிய பிதுங்கி நிக்குது, அதுல இருந்த ரிவர்ஸ் கேமரா காலி, கைப்பிடியும் காலி. ட்ரெய்லரோட லைட்டுக்கும் பிரேக்குக்கும் கரண்ட் கொண்டுபோற ஏழு பின் கேபிள் பாதில அறுந்து தொங்குது. ட்ரெய்லர் மூக்குக்கு அடியில ஒட்டியிருந்த ஷீட் கிழிஞ்சிருக்கு. யாருக்கும் அடி இல்ல. வண்டி நகர்ந்த தூரம் மிஞ்சிப் போனா பத்து பன்னெண்டு அடி, வேகம் ஆள் நடக்குற வேகம்தான்.

இடம் டெக்சாஸ், சான் அன்டோனியோவுக்கு வடமேற்க இருக்குற ஹில் கண்ட்ரி பக்கம் ஒரு கேம்ப்கிரவுண்ட். வண்டிக்காரர் எங்க தெருவுல இருக்குற ரிட்டயர்டு அமெரிக்கப் பெரியவர், மனைவியோட வருஷத்துல பாதி நாள் ரோட்லதான் இருப்பாரு. ட்ரெய்லர் இழுக்குறதுல புது ஆளே கிடையாது. நான் மெக்கானிக்கல் வேலை பாக்குறவன்ங்கிறதால வண்டி வீட்டுக்கு வந்ததும் கூப்பிட்டு "இந்த ஹிட்ச் எப்படி விட்டுச்சுன்னு வந்து பாரு"ன்னாரு. ஹிட்ச்ங்கிறது ட்ரெய்லர டிரக்கோட பிணைக்கிற கொக்கி அமைப்பு. அவருக்கு அதுல சந்தேகமே இல்ல, ஹிட்ச்தான் விட்டுடுச்சு, கம்பெனிக்காரன் மேல கேஸ் போடணும். ஹேண்டில் பூட்டியிருந்துச்சு, பூட்டுக்கு மேல கிளிப்பும் போட்டிருந்துச்சு, விழுந்ததுக்கு அப்புறமும் ரெண்டும் அப்படியே இருந்துச்சு, ஃபோட்டோ எடுத்து வெச்சிருக்காரு. அவரோட பெரிய ஆதாரமே இந்த ஃபோட்டோதான். ஆனா அத பாத்த உடனே எனக்குத் தோணுனது நேர் எதிரா இருந்துச்சு.

இதப் பத்தி தெரியாதவங்களுக்கு சின்னதா. அமெரிக்கால பெரிய வீட்டு ட்ரெய்லர பம்பர்ல மாட்டாம பிக்கப்போட பெட்டுக்குள்ள, பின் ஆக்ஸிலுக்கு மேல, மாட்டி இழுப்பாங்க. தூத்துக்குடி துறைமுகத்துல கன்டெய்னர் இழுக்குற ட்ரெய்லர் லாரில இருக்குற அதே ஏற்பாடுதான், சைஸ்தான் சின்னது, இதுக்குப் பேருதான் ஃபிஃப்த் வீல். ட்ரெய்லரோட மூக்குல பின் பாக்ஸ்னு ஒரு இரும்புப் பெட்டி, அதுக்கு அடியில கீழ்நோக்கி நிக்குற தடியான முளை, அது பேரு கிங்பின். பெட்ல உக்காந்திருக்குற ஹிட்ச்சுக்கு மேல ஒரு தட்டு, தட்டுல பின்பக்கம் திறந்த ஒரு வாய், வாய்க்குள்ள கிங்பின்ன கவ்வுற தாடை. வண்டிய ரிவர்ஸ்ல கொண்டுபோனா கிங்பின் வாய்க்குள்ள வந்து தாடைய முட்டும், தாடை மூடிக்கும், ஹேண்டில் டக்குனு உள்ள போயிடும்.

கிங்பின்னோட வடிவம்தான் இந்தக் கேஸ்ல எல்லாமே. மேல தடிப்பு, நடுவுல கழுத்து 2 இன்ச், கீழ திரும்ப ஒரு தடிப்பான விளிம்பு, கிட்டத்தட்ட 2.8 இன்ச். தாடை கவ்வ வேண்டியது அந்தக் கழுத்த. கழுத்த கவ்விட்டா கீழ் விளிம்பு தாடைக்கு அடியில மாட்டிக்கும், அப்புறம் மேலயும் எழும்பாது பின்னாடியும் போகாது. தாடையோ பூட்டோ உடைஞ்சாத்தான் வெளிய வரும்.

இப்ப அந்த ஃபோட்டோவுக்கு வாங்க. கிங்பின் உள்ள இருந்து, அப்புறம் ஹிட்ச் "விட்டு" வெளிய வந்திருந்தா தாடை திறந்திருக்கணும், இல்ல உடைஞ்சிருக்கணும், இல்ல குறைஞ்சபட்சம் வளைஞ்சிருக்கணும். இங்க தாடை முழுசா மூடியிருக்கு, ஹேண்டில் பூட்டியிருக்கு, கிளிப் இடத்துல இருக்கு, உள்ள ஒண்ணும் இல்ல. மூடின தாடை, காலியான தாடை. இதுக்கு ஒரே அர்த்தம்தான், கிங்பின் அதுக்குள்ள போகவே இல்ல. பூட்டின வீட்டுக்குள்ள திருடன் இல்லைன்னா அவன் உள்ளயே வரலைங்கிற கணக்குதான். அவரு எதை ஹிட்ச்சோட தப்புக்கு சாட்சின்னு வெச்சிருந்தாரோ அதுதான் ஹிட்ச் சரியா இருந்துச்சுங்கிறதுக்கும் சாட்சி.

வாயால சொன்னா போதாதுன்னு கிரீஸ பாத்தோம். இந்த மனுஷன் ஒழுங்கான ஆளு, ஒவ்வொரு தடவையும் மாட்டுறதுக்கு முன்னாடி கிங்பின்ன துடைச்சு புதுசா கொஞ்சம் கிரீஸ் தடவுவாரு. அன்னைக்கும் தடவியிருக்காரு. கழுத்துல தடவின கிரீஸ் விரல் வெச்ச தடத்தோட அப்படியே இருக்கு, கலையவே இல்ல. ஆனா கீழ் விளிம்போட அடிப்பக்கம் கிரீஸ் சுத்தமா வழிச்செடுத்த மாதிரி போயி புது கீறல் பளபளன்னு தெரியுது. ஹிட்ச்ல தாடையோட மேல்பக்கமும் அதே மாதிரி முன்னேருந்து பின்னாடி போற கீறல், வாயோட பின் சரிவுலயும் அதே. கிங்பின் தாடைக்குள்ள நிக்கல, தாடைக்கு மேல ஏறி உக்காந்திருந்திருக்கு, வண்டி முன்னாடி போனதும் வழுக்கிக்கிட்டு பின்பக்கமா இறங்கிடுச்சு. லாரி டிரைவருங்க இதுக்கு ஹை ஹிட்ச்னு பேரு வெச்சிருக்காங்க. ட்ரெய்லர் தேவைக்கு மேல உயரமா இருக்கும்போது வர்றது.

இதுல மோசம் என்னன்னா, எல்லாமே சரியா நடந்த மாதிரியே இருக்கும். விளிம்பு உள்ள வரும்போது தாடைய தட்டிவிடுறதுக்கு அதுவே போதும். தாடை மூடும். டக்குனு சத்தம் வரும். ஹேண்டில் உள்ள போகும். ட்ரெய்லர் மூக்க தாங்கி நிக்குற முன் கால், அதான் லேண்டிங் கியர், அத தூக்கினா ட்ரெய்லரோட பாரம் டிரக் மேல இறங்கும், பின் ஸ்பிரிங் அமுங்கும், அதுவும் சரியா மாட்டின மாதிரியேதான் தெரியும். ஒரே ஒரு வித்தியாசம், பின் பாக்ஸோட அடித்தட்டுக்கும் ஹிட்ச் தட்டுக்கும் நடுவுல ஒரு இன்ச்சோ அதுக்கு மேலயோ இடைவெளி இருக்கும். பெட்டுக்குள்ள, ட்ரெய்லர் மூக்கோட நிழல்ல, கருப்பு இரும்புக்கும் கருப்பு இரும்புக்கும் நடுவுல. டிரைவர் சீட்ல இருந்து பாத்தா தெரிய வாய்ப்பே இல்ல, கீழ இறங்கி பக்கவாட்டுல குனிஞ்சு பாத்தாத்தான் தெரியும், அப்பவும் டார்ச் வேணும்.

சரி, ட்ரெய்லர் ஏன் உயரமா இருந்துச்சு? இதுக்கு விடை கண்டுபிடிக்கத்தான் ரொம்ப நேரம் ஆச்சு, ஏன்னா அவரு உயரத்த கையால வெக்கல. இப்ப வர்ற ட்ரெய்லர்ல ஆட்டோ லெவலிங் இருக்கு, பட்டன அமுக்குனா தானா சமமாகிக்கும். கழட்டும்போது எந்த உயரத்துல இருந்துச்சோ அத ஞாபகம் வெச்சுக்கும், மறுபடி மாட்டும்போது இன்னொரு பட்டன், மூக்கு அதே உயரத்துக்கு வந்துடும். நல்ல வசதி, நான் குறை சொல்லல. ஆனா அது ஞாபகம் வெச்சிருக்கிறது ட்ரெய்லரோட உயரத்தத்தான், டிரக்கோட உயரத்த இல்ல. டிரக் எங்க நிக்குது, எவ்வளவு பாரத்தோட நிக்குதுன்னு அதுக்கு என்ன தெரியும்.

கழட்டும்போது டிரக் பெட் காலி. நடுவுல ஒரு ராத்திரி நல்ல மழை, அந்த சரளைக்கல் தளத்துல டிரக்கோட பின் சக்கரம் நிக்குற இடத்துல ரெண்டு பள்ளம் விழுந்திருக்கு. கிளம்புற காலையில ஜெனரேட்டர், மிச்ச விறகு, தண்ணி கேன், டூல் பாக்ஸ் எல்லாத்தையும் மாட்டுறதுக்கு முன்னாடியே ஹிட்ச்சுக்கு முன்பக்கம் பெட்ல ஏத்திட்டாங்க. பள்ளத்தால கொஞ்சம், பாரத்தால கொஞ்சம், டிரக்கோட பின்பக்கம் இறங்கியிருக்கு. ட்ரெய்லர் பழைய உயரத்துல நிக்குது. ஒரு இன்ச் ஒண்ணரை இன்ச் வித்தியாசம் வர்றதுக்கு இது போதும், ஹை ஹிட்ச்சுக்கும் அவ்வளவுதான் வேணும்.

முறைப்படி ரிவர்ஸ் வரும்போது பின் பாக்ஸோட தட்டு ஹிட்ச் தட்டு அளவுக்கோ அதவிட அரை இன்ச் தாழ்வாவோ இருக்கணும். ஹிட்ச் போய் முட்டி, தட்டோட சரிவுல ட்ரெய்லர் மூக்க லேசா தூக்கிக்கிட்டே உள்ள போகணும். அப்படிப் போனா ரெண்டு தட்டும் ஒட்டித்தான் இருக்கும், கழுத்து தாடைக்கு நேரா வந்தே தீரும். மூக்கு கொஞ்சம்கூட எழும்பாம டிரக் சும்மா வழுக்கிக்கிட்டு உள்ள போச்சுன்னா அங்கேயே நிறுத்திடணும். அந்தம்மா அன்னைக்கு பக்கத்துல நின்னு கை காட்டிக்கிட்டு இருந்திருக்காங்க, "இன்னைக்கு ரொம்ப ஸ்மூத்தா போச்சே"ன்னு சொன்னதா அவங்களே சொன்னாங்க. எனக்கு அத கேக்கும்போது ஒரு மாதிரி ஆயிடுச்சு, ஏன்னா அந்த ஸ்மூத்துதான் முதல் எச்சரிக்கை.

அதுக்கப்புறம் நடந்தது இந்த வரிசையில. ஹேண்டில பாத்தாரு, கிளிப் போட்டாரு. ஏழு பின் கேபிள சொருகினாரு. ட்ரெய்லர் பிச்சுக்கிட்டா அதோட பிரேக்க தானா பிடிக்க வெக்கிற பிரேக்அவே ஒயர மாட்டினாரு. லேண்டிங் கியர முழுசா மேல ஏத்திட்டாரு. டெயில்கேட்ட மூடிட்டாரு. சக்கரத்துக்கு போட்டிருந்த கட்டைய எடுத்துட்டாரு. அடுத்து இழுத்துப் பாக்கணும், வழக்கமா பாக்குறவர்தான். அந்த நேரம் பாத்து பக்கத்து சைட்காரர் வழியனுப்ப வந்து பேச ஆரம்பிச்சுட்டாரு, அந்தப் பேச்சு முடிஞ்சு நேரா சீட்ல ஏறி கியரப் போட்டுட்டாரு. இத கவனக்குறைவுன்னு சொல்லி முடிச்சுக்கலாம், எனக்கு அதுல உடன்பாடு இல்ல. இழுத்துப் பாக்குறத அவரு வெச்சிருந்த இடமே தப்பு. எல்லா பாதுகாப்பையும் எடுத்துட்டு கடைசியா டெஸ்ட் பண்ணா அது டெஸ்ட்டே இல்ல. அன்னைக்கு ஞாபகமா இழுத்துப் பாத்திருந்தாலும் இதே சேதம்தான் வந்திருக்கும், லேண்டிங் கியர் மேல, டெயில்கேட் மூடி, அப்ப வழுக்கினா அப்பவும் பெட் மேலதான விழும்.

விழுற பாரம் எவ்வளவுன்னு ஒரு கணக்கு போட்டுக் காட்டினேன். ட்ரெய்லர் சாமான் செட்டோட சுமார் 12,000 பவுண்டு. ஃபிஃப்த் வீல்ல மொத்த எடையில 15ல இருந்து 25 சதவீதம் வரைக்கும் கிங்பின் மேல வரும், 20ன்னு வெச்சுக்கிட்டா 2,400 பவுண்டு, ஆயிரம் கிலோவுக்கு மேல. ட்ரெய்லர் மூக்குக்கும் பெட் ரெயிலுக்கும் நடுவுல இருக்குற இடைவெளி வழக்கமா ஒரு அரை அடி. ஆயிரம் கிலோ அரை அடி உயரத்துல இருந்து, ஒரு அலுமினியத் தகட்டு விளிம்பு மேல. முதல்ல மூக்கோட முன் ஓரம் ரெயில்ல உக்காரும், டிரக் நகர நகர அப்படியே பின்னாடி தேச்சுக்கிட்டே போகும், கடைசியா கீழ தொங்குற கிங்பின் டெயில்கேட்ட உள்பக்கத்துல இருந்து குத்தும். சேதத்தோட வடிவம் அச்சு அசலா இதேதான்.

பிரேக்அவே ஒயர் வேலை செஞ்சுதான்னு கேட்டா, செஞ்சுச்சு. ட்ரெய்லர் டிரக்க விட்டுப் போகும்போது அந்த ஒயர் இழுபட்டு ஒரு பின் கழண்டு வரும், உடனே ட்ரெய்லர்ல இருக்குற 12 வோல்ட் பேட்டரியில இருந்து பிரேக்குக்கு கரண்ட் போயி சக்கரம் பிடிச்சுக்கும். நிறைய பேரு இதையும் பெட்டுக்கான பாதுகாப்புன்னு நினைக்கிறாங்க. ட்ரெய்லர் சக்கரம் லாக் ஆகி டிரக் மட்டும் முன்னாடி போனா டெயில்கேட் இன்னும் நல்லாத்தான் அடிவாங்கும். பிரேக்அவே இருக்குறது பின்னாடி வர்ற குடும்பத்துக்காக, நம்ம பெட்டுக்காக இல்ல. ஒயர ஹிட்ச் ஹேண்டில்ல சுத்தி வெக்கிற பழக்கம் சிலபேருக்கு உண்டு, அத விட்டுடுங்க, ஹிட்ச்சே பிச்சுக்கிட்டு போனா ஒயரும் கூடவே போயிடும், ஹேண்டிலயும் இழுத்துத் தொலைக்கும். டிரக்கோட உடம்புல தனியா ஒரு இடத்துல மாட்டணும். இவரு சரியாத்தான் மாட்டியிருந்தாரு.

விழுந்ததுக்கு அப்புறம் அவங்க செஞ்சது பாராட்டணும். மெதுவா முன்னாடி எடுத்துப் பாக்கலாம்னு பக்கத்து சைட்காரர் சொல்லியிருக்காரு, இவரு மாட்டேன்னுட்டாரு. நல்லதாப் போச்சு, இன்னும் ரெண்டடி எடுத்திருந்தா டெயில்கேட்ட பிச்சுக்கிட்டு மூக்கு தரையில இறங்கியிருக்கும். ட்ரெய்லர் சக்கரத்துக்கு திரும்ப கட்டை வெச்சாரு, பிரேக்அவே பின்ன திரும்ப சொருகினாரு. இந்த ரெண்டாவது விஷயத்த பலபேரு மறந்துடுவாங்க. எலக்ட்ரிக் பிரேக் காந்தம் ஒண்ணொண்ணும் 3 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும், நாலு சக்கரத்துக்கும் சேத்து 12 ஆம்பியர், அப்படியே விட்டா பேட்டரி படுத்துடும், அப்புறம் லேண்டிங் கியர இறக்க கரண்ட் எங்கேருந்து வரும். அதுக்கப்புறம் லேண்டிங் கியருக்கு அடியில மரக்கட்டை அடுக்கி மெதுவா இறக்கி, மூக்கு ரெயில்ல இருந்து எழும்புற வரைக்கும் தூக்கி, நெளிஞ்ச டெயில்கேட்ட போல்ட் கழட்டி தனியா எடுத்துட்டு டிரக்க வெளிய கொண்டுவந்திருக்காங்க. யாரும் மூக்குக்கு அடியில போகல.

ரிப்பேர் கதை தனி. ஃபோர்டு எஃப்-150 2015லயும் சூப்பர் டியூட்டி 2017லயும் அலுமினியம் பாடிக்கு மாறினதுல இருந்து இந்த ஊர்ல அலுமினிய பெட் சர்வ சாதாரணம், ஆனா தட்டி நிமித்துற வேலை இரும்பு மாதிரி கிடையாது. அதுக்கு தனி டூல், இரும்புத்தூள் படாத தனி இடம், அதுக்குன்னு பழகின ஆளு, எல்லா ஷாப்லயும் இருக்காது. பக்கச் சுவர் ரெண்டையும் வெட்டி மாத்துறதுக்கு கேட்ட தொகைய பாத்துட்டு அவரு டேக்-ஆஃப் பெட் தேட ஆரம்பிச்சாரு. புது டிரக் வாங்கின உடனே பெட்ட கழட்டிட்டு ஃபிளாட்பெட் இல்ல சர்வீஸ் பாடி போடுறவங்க, அந்த ஓடாத பெட்ட அப்படியே வித்துடுவாங்க. அது கிடைச்சுச்சு, கலர் வேற. டிரக் வெள்ளை, பெட் சாம்பல். அவருக்கு அதப் பத்தி கவலை இல்ல, அந்தம்மாவுக்கு இருக்கு. இன்ஷூரன்ஸ் பக்கம் டிரக்குக்கு கொலிஷன் கவரேஜ் இருந்ததால ஏத்துக்கிட்டாங்க, ட்ரெய்லர் தனி பாலிசி, அதனால டிடக்டிபிள், அதான் கைக்காசு போட வேண்டிய பங்கு, ரெண்டு தடவ.

இப்ப எல்லாரும் கேக்குற கேள்வி, பெட்ட காப்பாத்த எதாவது வாங்கி மாட்டலாமா. மாட்டலாம், ஆனா எது எதுக்குன்னு தெரிஞ்சு மாட்டணும்.

கடையில பெட் ரெயில் கேப்னு விக்கிற பிளாஸ்டிக் கவர் ஒரு டன்னுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல, கீறலுக்கு மட்டும்தான். வி வடிவத்துல நடுவுல வெட்டு இருக்குற டெயில்கேட் கிடைக்குது, கிங்பின் அந்த வெட்டு வழியா போயிடும், மூடி வெச்சே மாட்டலாம் கழட்டலாம், வழுக்கினா டெயில்கேட் ஓரளவுக்குத் தப்பிக்கும். ரெயில் தப்பிக்காது. டீசல் மிச்சமாகும்னு அத விக்கிறவங்க சொல்றத நான் நம்பல. பெட்டையே எடுத்துட்டு சுவரில்லாத ஃபிளாட்பெட் போட்டா நசுங்க ரெயிலே கிடையாது, வேலைக்கு வண்டி வெச்சிருக்கிறவங்களுக்கு அது நல்ல வழி, சும்மா ஊர் சுத்துறவங்களுக்கு கொஞ்சம் அதிகம்.

நேரடியா இந்த விபத்துக்குன்னே வந்தது, ஹிட்ச்சுக்குப் பின்னாடி மாட்டுற இரும்புச் சட்டம். நெப்ராஸ்கால இருக்குற ப்ளூ ஆக்ஸ் பெட்சேவர்னு ஒண்ணு வித்தாங்க, அந்தப் பேரே இப்ப இந்த வகைக்கெல்லாம் பொதுப்பேரு மாதிரி ஆயிடுச்சு. கிங்பின் வாய விட்டு பின்னாடி வழுக்கி வந்தா நேரா கீழ விழாம அந்தச் சட்டத்துல விழுந்து மாட்டிக்கும், பின் பாக்ஸ அதுவே தாங்கிக்கும், மூக்கு ரெயில தொடாது. யோசனை ரொம்ப எளிமையானது, எனக்குப் பிடிச்சது. இந்தக் கேஸ்ல அது இருந்திருந்தா ரெயிலும் டெயில்கேட்டும் தப்பிச்சிருக்கும்னு தான் நினைக்கிறேன், ஏன்னா வேகமும் இல்ல, உயரமும் அதிகமில்ல.

ஆனா அத வாங்குறதுக்கு முன்னாடி டேப் எடுத்து அளக்கணும். எல்லா ஹிட்ச்சுக்கும் அது பொருந்தாது, ஹிட்ச்சோட தலை, அது உக்கார்ற அடிச்சட்டம், ஸ்லைடர் இருக்கா இல்லையா, எல்லாத்தையும் பாக்கணும். ஆறேமுக்கால் அடி இல்ல அதவிட குட்டையான பெட்ல, திருப்பத்துல கேபின் கண்ணாடில ட்ரெய்லர் மூலை இடிக்காம இருக்க ஹிட்ச் பின்னாடி நகர்ற ஸ்லைடர் போடுவாங்க, அது பின்னாடி வரும்போது சட்டத்துக்கும் டெயில்கேட்டுக்கும் இடம் இருக்கணும். சட்டம் நிக்குற உயரமும் முக்கியம், பின் பாக்ஸ் அது மேல உக்காந்த நிலையிலயும் மூக்குக்கும் ரெயிலுக்கும் நடுவுல காத்து தெரியணும், இல்லன்னா ரெயில் முதல்ல வாங்கும், சட்டம் சும்மா நிக்கும். இன்னொண்ணு, அது பிடிச்சு நிறுத்துறதுக்குத்தான், பிடிச்ச நிலையில வண்டி ஓட்டுறதுக்கு இல்ல.

செயின் போட்டா ஆகாதான்னு ஒருத்தர் கேட்டாரு. பெட்ல இருக்குற ஒரு இரும்புப் பந்து மேல மாட்டுற கூஸ்நெக் ட்ரெய்லருக்கு செயின் போடுவாங்க, ஃபிஃப்த் வீலுக்கு பெரும்பாலும் கேக்குறதில்ல. கிங்பின்ன எடுத்துட்டு கூஸ்நெக் பந்து அடாப்டர் போட்டு செயினும் மாட்டினாலும், செயின் ட்ரெய்லர ஓடிப்போக விடாம பிடிக்கும், பெட் மேல விழுறத தடுக்காது. அதுவும் இல்லாம நீளமான அடாப்டர் ட்ரெய்லர் மூக்கோட ஃப்ரேம்ல வேற மாதிரி முறுக்கு விசை கொடுக்கும், அதனால வாரன்ட்டி போகுமான்னு ட்ரெய்லர்காரங்ககிட்ட எழுத்துல வாங்கிட்டுத்தான் செய்யணும்.

இவ்வளவு சொன்னாலும் அவருக்கு நான் முதல்ல மாத்தச் சொன்னது காசு செலவில்லாத விஷயத்தத்தான், அதாவது வரிசைய. ரிவர்ஸ் போறதுக்கு முன்னாடி இறங்கிப்போயி தட்டுக்கும் தட்டுக்கும் கண்ணளவு பாக்கணும், ஞாபக பட்டன நம்பி ஏறக்கூடாது, அது கொண்டுவந்து விட்ட உயரத்துல இருந்து கையால இறக்கி சரி பண்ணணும். சாமான மாட்டினதுக்கு அப்புறம்தான் ஏத்தணும். உள்ள போகும்போது மூக்கு லேசா எழும்புதான்னு அந்தம்மா பாக்கணும், எழும்பலைன்னா கத்தணும். மாட்டினதும் ஹேண்டில பாக்குறதோட சேத்து டார்ச் அடிச்சு பக்கத்துல இருந்து தட்டு இடைவெளிய பாக்கணும், வெளிச்சம் அந்தப் பக்கம் தெரிஞ்சா கதை முடிஞ்சுது. பின்பக்கத்துல இருந்து குனிஞ்சு தாடை கழுத்த சுத்தி மூடியிருக்கான்னும் பாக்கணும். இது நான் கண்டுபிடிச்சது இல்ல, இந்த ஊர்ல லாரி லைசன்ஸ் எடுக்குறவங்களுக்கு மேனுவல்லயே இருக்கு, மேல் கீழ் தட்டுக்கு நடுவுல இடைவெளி இருக்கக்கூடாது, தாடை கிங்பின்னோட தண்ட கவ்வியிருக்கணும்னு. பிக்கப்ல ட்ரெய்லர் இழுக்குறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அந்த லைசன்ஸ் தேவையில்ல, அதனால அந்தப் பாடமும் கிடைக்கிறதில்ல, அதுதான் இதுல வேதனை.

அப்புறம் இழுத்துப் பாக்குறது. லேண்டிங் கியர் தரைய விட்டு அரை இன்ச் எழும்பின நிலையிலேயே நிக்கணும். சக்கரக் கட்டை இடத்துல இருக்கணும். டெயில்கேட் கீழ இறங்கியிருக்கணும். டிரைவர்கிட்ட ட்ரெய்லர் பிரேக்க இயக்குற பிரேக் கன்ட்ரோலர் இருக்கும், அதுல இருக்குற கை லிவர அமுக்கி ட்ரெய்லர் பிரேக்க மட்டும் பிடிச்சுக்கிட்டு டிரக்க டிரைவ்ல போட்டு லேசா இழுக்கணும். மாட்டியிருந்தா டிரக் முக்கிக்கிட்டு நிக்கும். மாட்டலைன்னா கிங்பின் வழுக்கி வரும், ட்ரெய்லர் அரை இன்ச் இறங்கி லேண்டிங் கியர்ல நின்னுடும், டெயில்கேட் கீழ இருக்குறதால குத்துறதுக்கும் ஒண்ணும் இல்ல, கால அப்பவே பிரேக்குக்கு மாத்திட்டு திரும்ப மாட்டிக்கலாம். அதே தப்பு, ஆனா அஞ்சு காசு செலவில்ல. இது முடிஞ்சதுக்கு அப்புறம்தான் கியர மேல ஏத்துறது, டெயில்கேட்ட மூடுறது, கட்டைய எடுக்குறது. யாராவது நடுவுல வந்து பேசினா வரிசைய இழுத்துப் பாக்குறதுல இருந்து திரும்ப ஆரம்பிக்கணும்னு அந்தம்மாவே ஒரு சட்டம் போட்டிருக்காங்க.

கழட்டும்போதும் பெட் நசுங்குற கேஸ் உண்டு, இன்னும் சொல்லப்போனா அது இன்னும் சுலபம். லேண்டிங் கியர இறக்க மறந்துட்டு ஹேண்டில இழுத்துட்டு முன்னாடி எடுத்துடறது. ஹேண்டில் வரலைன்னா தாடை மேல இழுவிசை இருக்குன்னு அர்த்தம், சுத்தியலால அடிக்காம டிரக்க அரை இன்ச் ரிவர்ஸ்ல தள்ளிட்டு இழுத்தா தானா வரும். வழியில டீசல் போட, சாப்பிட நிறுத்தின இடத்துல எவனாவது விளையாட்டா ஹேண்டில இழுத்துவிடுற கூத்தும் நடக்கும், அதுக்குத்தான் கிளிப்புக்குப் பதிலா சின்ன பூட்டு போடுறது. ஒவ்வொரு தடவ நிறுத்திட்டு ஏறும்போதும் டார்ச்சோட ஒரு சுத்து.

கிரீஸுக்குப் பதிலா கிங்பின்ல மாட்டுற வட்ட பிளாஸ்டிக் தட்டு இருக்கே, அதையும் இவருக்கு யாரோ வாங்கச் சொல்லியிருக்காங்க, கை அழுக்காகாதுன்னு. நல்லதுதான், ஆனா அதோட தடிமன் அளவுக்கு கிங்பின் மேல ஏறும், தாடைக்கும் கழுத்துக்கும் இருக்குற பொருத்தம் அந்த அளவுக்கு மாறும். அவரோட ஹிட்ச் மேனுவல்ல அதப் பத்தி என்ன போட்டிருக்குன்னு பாக்காம மாட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன்.

ஹிட்ச் கம்பெனி மேல கேஸ் போடுற பேச்சு கிரீஸ் தடத்த காட்டினதுக்கு அப்புறம் வரல. இருந்தாலும் அந்த ஹிட்ச்ச அப்படியே திரும்ப மாட்ட நான் ஒத்துக்கல. தாடைக்கு மேல ஆயிரம் கிலோ உக்காந்து தேச்சுக்கிட்டு போயிருக்கு, பூட்டு பின் நேரா இருக்கா, தாடை முழுசா ஆடாம மூடுதா, பெட்டுக்கு அடியில ஃப்ரேம்ல பிடிச்சிருக்குற போல்ட்டெல்லாம் சரியான முறுக்குல (டார்க்) இறுகியிருக்கா, பின் பாக்ஸ் வெல்டிங்ல முடி மாதிரி வெடிப்பு இருக்கா, எல்லாம் பாக்கணும். கிங்பின் விளிம்புல இருந்த பிசிற மட்டும் அரத்தால லேசா தேச்சு எடுத்தோம். தாடை செட்ட புதுசா மாத்தியாச்சு. பின்னாடி சட்டம் இன்னும் வாங்கல, புது பெட்ல ஸ்லைடர ஏத்தினதுக்கு அப்புறம் இடம் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு அளந்துட்டு முடிவு பண்றேன்னிருக்காரு.